மூடி திறக்கப்படவில்லை எனக் கொள்க

துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் இளஞ்செழியன் முதலில் பார்ப்பது இறந்தவரை அல்ல, பிளக் பாயிண்ட்டை. செருப்பைக் கழற்றுவார், கையைக் கூப்பிப் பொதுவாக ஒரு திசையில் கும்பிடுவார், உடனே சுவரோரம் குனிந்துவிடுவார். பிளக்கைச் சொருகிக் கொஞ்சநேரம் ஓடவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல அதன்மேல் புறங்கையை வைப்பார். சூடு தட்டினால் முகம் மாறும். "லூஸ் காண்டாக்ட்டுங்க. வாஷிங் மெஷின் பாயிண்ட் எந்த ரூம்ல இருக்கு?" அழுதுகொண்டிருக்கும் பெண் ஒருத்தி எழுந்துபோய் இடத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுவாள்.

திருப்பனந்தாளிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுவது அவர் தொழில். வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ குவைத்திலோ இருக்கும் பகுதி இது. பிள்ளை விமானம் ஏறி வந்து சேரும்வரை இறந்தவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்க ஒரு பெட்டி வேண்டும். இளஞ்செழியனுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டிருப்பார். காரணமும் வைத்திருக்கிறார். "கசங்கின சட்டையோட நின்னா சொந்தக்காரங்கன்னு நெனச்சுக் கட்டிப் புடிச்சு அழுவுறாங்க சார். அந்த நேரத்துல எப்படிச் சொல்றது, நான் பெட்டிக்காரன்னு? நானும் கூட அழுதுட்டு வந்துருவேன்."

மூடி கண்ணாடியில் ஆனது. வெளியே வெக்கை, உள்ளே குளிர். கண்ணாடி சீக்கிரம் வேர்த்துவிடும். முந்தானையால் துடைத்துப் பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள் சிலர். திறந்தால்தான் ஆயிற்று என்பவர்களே அதிகம். யார் கேட்டாலும் மூடியை அவரே தூக்குவார். தூக்கிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். போதும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவர் கடிகாரம் பார்க்கும் பார்வையில் ரயிலை விடப்போகிறவரின் தவிப்பு இருக்கும்.

பெட்டி ஓடத் தொடங்கியதும் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்கள் வெளியே வரும். எல்லாம் அச்சகத்தில் மிஞ்சிய கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்கள். அவற்றின் வெற்றுப் பக்கத்தில் இயற்பியல் கணக்குப் போடுவார். வெப்பக் கடத்தல், மின் கடத்தல், இந்த இரண்டு பாடம் மட்டும்தான். தாளைத் திருப்பினால் முகம் தெரியாத ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருப்பார். அவருடைய முதுகில் ஒரு செப்புக் கம்பியின் மின்தடை ஓம் கணக்கில் வளர்ந்துகொண்டிருக்கும்.

இளஞ்செழியன் பாலிடெக்னிக்கில் குளிர்சாதனப் பிரிவு படித்தவர். எல்லாத் தாளும் தேறிவிட்டார், முதல் ஆண்டு இயற்பியலைத் தவிர. அந்த அரியர் அவருடைய கல்யாணத்துக்கு வந்தது, மகளுக்குக் காது குத்தியபோதும் கூட இருந்தது. பழைய பாடத்திட்டக்காரர்களுக்கு இந்த வருடம் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். இதிலும் விட்டால் சான்றிதழ் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சான்றிதழ் அவருக்கு அவசரமாக வேண்டும். முத்துப்பேட்டையில் லியாகத் அலி என்பவர் இறாலுக்குக் குளிர்கிடங்கு நடத்துகிறார். சான்றிதழோடு வந்தால் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை இவருக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். "எறாலும் பெட்டிக்குள்ளதான் சார் இருக்கும். ஆனா எறாலப் பாக்க யாரும் மாரடிச்சுக்கிட்டு வர மாட்டாங்க. காலையில மூடினா சாயங்காலம் வரைக்கும் மூடினது மூடினபடியே இருக்கும்." இதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிடும்.

அந்த வேலைக்கு அவர் ஏங்குவதற்குத் தொழில் மட்டும் காரணமல்ல. டீக்கடையில் அவரைக் கண்டாலே பேச்சு நின்றுவிடுகிறது. "யாரு?" என்று கடைக்காரர் கேட்பதற்குள், "டீ குடிக்கத்தாங்க வந்தேன்" என்று அவரே முந்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கல்யாணங்களுக்கு யாரும் அவரை அழைப்பதில்லை. பத்திரிகை வைத்தாலும், வரவேண்டாம் என்று பத்திரிகை வைத்த கையோடு கேட்டுக்கொள்கிறார்கள். மகளைப் பள்ளியில் 'ஐஸ்பெட்டி' என்று கூப்பிடுகிறார்கள். கோடையில் அவர் பெட்டிக்குள்தான் தூங்குகிறார் என்று ஊரில் ஒரு வதந்தி. அவர் மனைவி ஈஸ்வரி வீட்டில் கிரைண்டர் வைத்து மாவரைத்து விற்கிறாள். "பொம்பளைங்க மாவ வாங்கிட்டு, இத எதுல வெச்சிருந்தீங்கன்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?" என்பது அவளுடைய தினசரிப் புகார்.

என் அக்கா கமலாம்பாளைக் கட்டிக்கொடுத்தது திருப்பனந்தாளில். அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் துரைராசு என்ற முதியவர் நெடுநாளாகப் படுக்கையில் இருக்கிறார். இளஞ்செழியனின் குட்டியானை வண்டி தெருவுக்குள் வந்தாலே ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பார். "வேகமாப் போ தம்பி. மெதுவாப் போனா யாரையோ தேடற மாதிரி இருக்கு."

வைகாசி மாதம் ஒருநாள் காலையில் அந்த வண்டி மெதுவாக வந்து அக்கா வீட்டு வாசலில் நின்றது. நான் அதற்குச் சற்று முன்புதான் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தேன். அக்கா மகன் சிங்கப்பூரில் விமானம் ஏறிவிட்டான், மாலைக்குள் வந்துவிடுவான் என்றார்கள். இளஞ்செழியன் வந்தார், கும்பிட்டார், குனிந்தார், பிளக்கைத் தொட்டுப் பார்த்தார். அக்காவைப் பெட்டிக்குள் வைத்தார்கள். நான் பந்தல்காரருக்கு இடம் காட்டப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது என் அத்தான் வைரக்கண்ணு அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். மனைவியை இழந்த மனிதர் என்ன பேசுவது என்று தெரியாமல் எதையாவது பேசுவார் அல்லவா, அப்படி. "நம்ம மச்சான்கூட பிசிக்ஸ்தான் படிச்சாரு தம்பி. பி.எஸ்சி."

இளஞ்செழியன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். துக்கம் விசாரிக்கும் முகத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், பெரிய இழப்பு சார். வர்ற வியாழக்கெழம எனக்குப் பரீட்சை."

அவர் நீட்டிய தாளில் ஒரே ஒரு கணக்கு பலமுறை போட்டு அடிக்கப்பட்டிருந்தது. கனசதுர வடிவில் ஒரு தெர்மோகோல் பெட்டி. ஒரு பக்கம் நாற்பது சென்டிமீட்டர், சுவரின் தடிமன் நான்கு. உள்ளே பத்துக் கிலோ பனிக்கட்டி, வெளியே நாற்பது டிகிரி வெயில். ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு எவ்வளவு பனிக்கட்டி மிஞ்சும்? கடைசியில், 'மூடி திறக்கப்படவில்லை எனக் கொள்க' என்று இருந்தது. புத்தகத்தின் விடை எட்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இளஞ்செழியனுக்கு ஒருமுறை ஆறு வந்திருந்தது, ஒருமுறை ஐந்தே முக்கால்.

சூத்திரம் சரியாக இருந்தது. பெருக்கல், வகுத்தல் சரி. ஆனால் வெளி வெப்பநிலையை நாற்பத்தொன்று என்று எடுத்திருந்தார்.

"கேள்வியில நாப்பதுதானே இருக்கு?"

"கூட்டம் இருக்கும்ல சார். சுத்தி உக்காந்து அழுதாங்கன்னா ரூம்ல ஒரு டிகிரி ஏறிரும்."

விடையின் கீழே வேறு சில கழித்தல்கள் இருந்தன. அவை மூடி திறந்ததற்கு. அவர் கைக்கணக்கு ஒன்று வைத்திருந்தார். பங்காளி திறந்தால் கால் கிலோ. மகள் வந்தால் அரை கிலோ. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளென்றால் இன்னும் கொஞ்சம் கூட. மருமகளுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "அது வீட்டப் பொறுத்தது சார்" என்றார்.

"மூடி தொறக்கலன்னு போட்டிருக்கே, இளஞ்செழியன்."

"போட்டிருக்கான் சார். அஞ்சு மணி நேரம். அஞ்சு மணி நேரமா ஒருத்தரும் வந்து பாக்கலன்னா அது என்ன வீடு?"

"வீடு இல்ல இது. வெறும் ஐஸ் பெட்டி. உள்ள ஐஸ் மட்டுந்தான் இருக்கு."

"அது தெரியுது சார். ஆளே இல்லாம எதுக்கு ஐஸு?"

மின் கணக்குகளிலும் இதே கதைதான். இணைப்புக் கம்பிகளின் மின்தடையைப் புறக்கணிக்க என்று கேள்வி சொன்னாலும் அவர் புறக்கணிக்க மாட்டார். எந்த ஒயர், எவ்வளவு நீளம், ஜாயிண்ட்டை முறுக்கி டேப் ஒட்டியவர் யார் என்றெல்லாம் யோசித்து ஓமுக்கு மேல் ஓம் சேர்ப்பார். பரீட்சை எழுதுகிறவர் அல்ல, பழுது பார்க்கப் போனவர் எழுதிய விடைகள் அவை.

முற்பகலில் முத்துப்பேட்டையிலிருந்து தங்கம்மாள் வந்து சேர்ந்தார். அத்தானின் தங்கை, அக்காவின் நாத்தனார். தெருமுனையிலேயே தொடங்கிய அழுகையோடு நேராகப் பெட்டிமேல் வந்து விழுந்தார். இளஞ்செழியன் மூடியைத் தூக்கினார், ஓரடி பின்னால் நகர்ந்தார், கடிகாரத்தைப் பார்த்தார். தங்கம்மாள் அக்காவின் கன்னத்தைத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அய்யோ, என்னா குளுரு. ஒரு போர்வ கொண்டாங்கப்பா."

இளஞ்செழியன் மெல்லச் சொன்னார். "அம்மா, போர்வ போட்டா உள்ள இருக்கற குளுரு ஒடம்புக்குப் போவாதும்மா. தடுத்துரும்."

"தடுக்கத்தானய்யா கேக்குறேன். எங்க அண்ணிக்குக் குளுரு ஆவாது. மார்கழியில காதுல துண்டக் கட்டிக்கிட்டுத்தான் கோலம் போடும். கேட்டுப் பாரு இவங்கள."

இளஞ்செழியன் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். உண்மைதான், அக்காவுக்குக் குளிர் ஆகாது. ஒரு கம்பளிப் போர்வை வந்தது. தங்கம்மாள் அதை அண்ணியின் கழுத்துவரை இழுத்துவிட்டு, ஓரங்களை உள்ளே செருகினார். மூடி மூடப்பட்டது. தன் வாழ்நாளில் கற்ற அனைத்தும் கண்ணெதிரே பொய்யாகிப் போனதைப் பார்த்தவர்போல இளஞ்செழியன் சிறிதுநேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து புதிய தாள் ஒன்றை எடுத்தார்.

"சார், கம்பளியோட வெப்பக் கடத்துதிறன் எவ்வளவு இருக்கும்?"

தெரிந்த மதிப்பைச் சொன்னேன். தடிமன் அரை சென்டிமீட்டர் என்று அவரே எடுத்துக்கொண்டார். அடுக்கடுக்கான சுவர்களின் வழியே வெப்பம் போகும் கணக்கு அது. தேர்வில் வழக்கமாக வருவதுதான். அவர் அதைப் பிழையில்லாமல் போட்டார். போர்வையால் ஒன்றும் கெட்டுவிடாது, பிள்ளை வரும்வரை தாங்கும் என்று விடை சொன்னது. அதைத் தங்கம்மாளிடமும் போய்ச் சொன்னார். "இருக்கட்டும்மா. தாங்குது." தங்கம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "நல்லாருப்ப" என்றார்.

மதியத்தில் பெட்டி நின்றது. குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஊரிலுள்ள எல்லா போர்செட்டுகளும் ஓடும் காலம். மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது, கம்ப்ரஸர் உறுமி உறுமி அடங்கியது. இளஞ்செழியன் டெஸ்டரோடு தெருவில் வீடு வீடாகப் போய்வந்து, துரைராசு வீட்டில் மட்டும் வேறு ஃபேஸ், வோல்டேஜ் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். கேட்கப் போகத்தான் கால் எழவில்லை. நானும் கூடப் போனேன்.

துரைராசு இவரைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஐயா, உங்களுக்காக வரல. கரண்ட் கேக்க வந்தேன்."

"யாருக்கு?"

"கமலாம்பாளம்மாவுக்கு."

முதுகு திரும்பாமலே சொன்னது. "எடுத்துக்க. ஒயர மட்டும் என் கட்டில் பக்கமா இழுக்காத."

கட்டிலைத் தவிர்த்தால் ஒயர் கொல்லையைச் சுற்றிவர வேண்டும். நீளம் இரண்டு மடங்காகும். நீளம் இரண்டு மடங்கானால் மின்தடை இரண்டு மடங்கு, வழியிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும். இளஞ்செழியன் இதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கொஞ்சமும் அவசரமில்லாமல், முதல் பெஞ்சு மாணவனுக்குச் சொல்வதுபோல் துரைராசுவுக்கு விளக்கினார். கடைசியில் கிழவருக்கு அலுத்துவிட்டது. "கட்டிலுக்கு அடியிலயே போடுய்யா. பாடம் எடுக்காத." பெட்டி மறுபடி ஓடியது. அன்று மாலைவரை துரைராசுவின் வீட்டு மின்சாரம் அவருடைய முதுகுக்குக் கீழே போய் அக்காவைக் குளிர வைத்தது.

பிற்பகலில் கூட்டம் சற்று ஓய்ந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பனிக்கட்டிக் கணக்கை முதலிலிருந்து தொடங்கச் சொன்னேன். எனக்கும் கையில் ஏதாவது ஒரு வேலை தேவைப்பட்டது. "பரீட்சையில மூடி தொறக்காது. அங்க ஆளுங்க கிடையாது. தங்கம்மாள் கிடையாது. நாப்பது டிகிரின்னா நாப்பதுதான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முத்துப்பேட்டை இறாலை நினைத்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு போட்டார். பரப்பு, தடிமன், வெப்பநிலை வேறுபாடு, நேரம். பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பத்தால் வகுத்தார். ஒன்றரைக் கிலோவும் கொஞ்சமும் உருகியது. மீதி, எட்டரைக்குக் கொஞ்சம் குறைவு. விடையைச் சுற்றிக் கட்டம் போட்டுவிட்டு, அதை நம்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அத்தான் எட்டிப் பார்த்தார். "சரியா வந்துருச்சா தம்பி?"

"வந்துருச்சுங்க ஐயா."

"வரட்டும், வரட்டும்" என்றார் அத்தான். காலையிலிருந்து அந்த வீட்டில் சரியாக நடந்த ஒரே காரியம் அது. சுற்றியிருந்தவர்களும் கொஞ்சம் ஆறுதல் அடைந்ததுபோல்தான் தெரிந்தது. யாரோ இளஞ்செழியனுக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள்.

மாலையில் அக்கா மகன் வந்தான். அவனுக்காக மூடி திறந்தது, வெகுநேரம் திறந்தே இருந்தது. இளஞ்செழியன் சுவரைப் பார்த்து நின்றார். அதற்குப்பின் எல்லாம் வேகமாக நடந்தது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை என் மனைவிதான் போர்த்தினாள். நான் வாசலில் பறைக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். வாய்க்கரிசி போடும்போது என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இளஞ்செழியனை அக்காவின் கருமாதிக்கு அழைத்தோம். "எனக்கா?" என்று இரண்டுமுறை கேட்டாராம். ஈஸ்வரியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாகக் கட்டம்போட்ட சட்டையில் வந்தார். பந்தியில் துரைராசு மகன் அவரைப் பார்த்துவிட்டு இலையை நகர்த்திக்கொள்ளவில்லை. ரசத்துக்கு அப்பளம் போதுமா என்று கேட்டான். சாப்பிட்டு முடித்துக் கைகழுவும் இடத்தில் நான் அவரைப் பிடித்தேன்.

"பரீட்சை?"

"அதே கணக்கு வந்துச்சு சார். நம்பர் மட்டும் வேற."

"போட்டீங்களா?"

"நீங்க சொன்ன மாதிரியே போட்டேன். கூட்டம் இல்ல, யாரும் இல்ல. விடை அழகா வந்துச்சு. கட்டம்கூடப் போட்டுட்டேன்."

"அப்புறமென்ன?"

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் எப்போதோ போய்விட்டது. "நேரம் மிச்சம் இருந்துச்சு சார். சும்மா உக்காந்து பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்தேன். உங்க அக்கா வீட்டுல அன்னிக்கு வந்தவங்க எல்லாருக்கும் கைக்கணக்குல கழிச்சிருந்தேன். உங்களுக்கும் ஒண்ணு கழிச்சு வெச்சுருந்தேன், எப்படியும் வருவீங்கன்னு. நீங்க கடைசி வரைக்கும் தொறக்கச் சொல்லவே இல்ல. கணக்கு கெட்டுரும்னு இருந்துட்டீங்களோ என்னவோ. அது அப்படியே நின்னு போச்சு. மனசு கேக்கல. கீழ ஒரு வரி எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"'தம்பி ஒருமுறை திறந்து பார்த்தார் எனக் கொள்க.' எழுதிட்டு அரை கிலோ கழிச்சு, வேற கட்டம் போட்டேன்."

"அரை கிலோவா? கால் கிலோதானே உங்க கணக்கு."

"அது பங்காளிக்கு சார். நீங்க கூடப் பொறந்தவங்க."

விடை தவறாகிவிட்டதே என்றேன். ஆமாம் சார், தவறுதான் என்றார். வழிமுறைக்குக் கொஞ்சம் மதிப்பெண் கொடுப்பார்கள், தேறினாலும் தேறலாம் என்றேன். அதற்கும் ஆமாம் சார் என்றார். முத்துப்பேட்டையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

கூடத்தில் அக்காவின் படத்துக்கு மாலை போட்டு, மேலே ஒரு சிறிய பல்பு எரியவிட்டிருந்தார்கள். இளஞ்செழியன் என்னோடு உள்ளே வந்ததும் குனிந்து அந்தப் பிளக்கில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடில்லை. நிமிர்ந்தார். சாமந்தி மாலை கனம் தாங்காமல் சரிந்து அக்காவின் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. அதை இரண்டு விரலால் தூக்கி ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு ஓரடி பின்னால் நகர்ந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.